வெறுங்கால் டீச்சர்

ஏப்ரல் 10, திங்கள்

கல் போடப் போகிறார்களாம். எங்கள் காலனிப் பூங்காவில் நாங்கள் நடக்கிற செம்மண் தடத்தைத் தோண்டி எறிந்துவிட்டு, அங்கே சிவப்பும் சாம்பலுமாகச் சிமென்ட் கல் பதிக்கப் போகிறார்களாம். சங்கத் தலைவர் கனகசபாபதி இன்று காலை நடந்துகொண்டிருந்தவர்களை நிறுத்தி வைத்துச் சொன்னார். மழை வந்தால் சேறாகிறதாம். பார்க்கவும் லட்சணமாக இல்லையாம்.

"பார்க்கறதுக்கா நடக்கறோம்?" என்று கேட்டேன்.

"காலம் மாறிப்போச்சுங்க டீச்சர்."

"காலம் மாறுச்சுங்க. காலு மாறலீங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே நினைத்ததைச் செய்து முடிக்கிற ஆள் அவர். அதனால்தான் எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தபோது போட்டிக் காலம் வந்தால் தினமும் எழுதுவேன். இதுவும் போட்டிதான்.

ஓய்வு பெற்ற மறுநாள் கேன்வாஸ் ஷூவைக் கழற்றிப் பரணில் போட்டவள் நான். அன்றிலிருந்து வெறுங்கால்தான். என்னைப் பார்த்து இன்று காலனியில் பாதிப்பேர் செருப்பைப் பூங்கா கேட் பக்கத்தில் விட்டுவிட்டு நடக்கிறார்கள். கனகசபாபதி எங்களுக்கு 'வெறுங்கால் கோஷ்டி' என்று பெயர் வைத்திருக்கிறார். வைத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 13, வியாழன்

ஜெயசீலிக்கு முழங்கால் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. அவள் பின்தெருவில் தையல்கடை வைத்திருக்கிறாள். நாள் முழுக்க மிஷினை மிதிக்கிற கால். போன வருஷம் நடக்க வந்தபோது டாக்டர் கொடுத்த கனத்த செருப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி வந்தாள். சுகர் இருக்கிறதாம், அதனால் அந்தச் செருப்பைக் கழற்றவே கூடாதாம். "காலைக் கொண்டுபோயி ஜெயில்ல போட்டாப்பல இருக்குது. கழட்டி மூலையில எறி" என்றேன். எறிந்தாள். இப்போது எப்படி நடக்கிறாள் பாருங்கள்.

இன்று யாரோ செல்போனில் வந்ததைப் படித்துக் காட்டினார்கள். வெறுங்காலோடு நடந்தால் பூமியிலிருந்து ஏதோ மின்சாரம் ஏறி ரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிவிடுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மின்சாரமெல்லாம் எனக்குத் தெரியாது. விரல் விரிந்து மண்ணைப் பிடிக்கும், பாதத்தின் தசை பலப்படும், வயதானவர்களுக்குத் தடுமாற்றம் குறையும். பிள்ளைகளை ஓடவிட்டுக் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். இதுவே போதாதா?

எனக்கும் லேசாகச் சுகர் உண்டு. லேசாகத்தான்.

ஏப்ரல் 22, சனி

மொட்டைமாடியில் கூழ்வடகம் பிழிந்தோம். ஜெயசீலி உதவிக்கு வந்திருந்தாள். உச்சி வெயில். அவள் இரண்டு எட்டு வைப்பதற்குள் "ஐயோ மாதாவே!" என்று குதித்துக்கொண்டு நிழலுக்கு ஓடிவிட்டாள். நான் கடைசித் துணி வரைக்கும் நின்று பிழிந்தேன்.

"உங்க காலு என்ன இரும்புங்களா டீச்சர்?"

"பழக்கம்" என்றேன். மண்ணில் நடந்த காலுக்குச் சூடு ஒரு பொருட்டா?

சாயங்காலம் குதிகாலில் இரண்டு கொப்புளம். பழைய தோல் உரிந்து புதுத்தோல் வருகிறது போலிருக்கிறது. மஞ்சள் வைத்தேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

அவிநாசியில் ஒரு கல்யாணம். பட்டுப்புடவைக்கு வெறுங்கால் நன்றாக இருக்காது என்று வீட்டுக்காரர் வற்புறுத்தியதால் செருப்புப் போட்டுக்கொண்டு போனேன். மண்டப வாசலில் அவர் என் காலைப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மிணி, இன்னொரு செருப்பு எங்க?" என்றார். வலது காலில் இல்லை. பஸ்ஸைவிட்டு இறங்கி வந்த வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. பாவம், அவரே திரும்பிப் போய்த் தேடி எடுத்துவந்தார்.

எனக்கும் செருப்புக்கும் ஒத்துவராது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வீட்டுக்காரர் வீடு வரும்வரை பேசவில்லை. அவர் எப்போதும் குறைவாகத்தான் பேசுவார். நாச்சிமுத்து என்றால் மில்லில் எல்லோருக்கும் தெரியும், பேசாத ஃபிட்டர் என்று. பூங்காவுக்கு என்னோடு வருவார். ஆனால் நடக்கமாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

மே 3, புதன்

வீட்டுக்காரர் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பெனாசிர் என்று ஒரு டாக்டர், சின்னப்பெண். கண்ணை மூடச் சொன்னாள். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் தொடுவாளாம். தொடும்போதெல்லாம் "ஆமா" சொல்ல வேண்டுமாம்.

நான் சொன்னேன். ஆமா. ஆமா. ஆமா. டிரில் வகுப்பில் விசில் ஊதிப் பழகியவளுக்குத் தாளம் பிடிக்கத் தெரியாதா?

கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, கடைசியா நாலு தடவை நான் தொடவே இல்லைங்கம்மா."

கண்ணைத் திறந்தேன். கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலில் உணர்ச்சி போய்விட்டதாம். வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாதாம். தினமும் ராத்திரி கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்க்க வேண்டுமாம். அப்படியே ஒரு பெரிய பட்டியல்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "என்ன சொன்னாங்க?" என்றார்.

"நல்லாத்தான் இருக்குதுன்னாங்க. மாத்திரைதான் மாத்திக் குடுத்திருக்காங்க."

ஒரு நைலான் இழைக்கு என் காலைப் பற்றி என்ன தெரியும்?

மே 8, திங்கள்

கல் வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். மாத்திரை வாங்க மறந்துவிட்டது.

மே 14, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காலையில் பூங்காவுக்குப் போய்வந்தேன். பிறகு சமையல், துணி, மதியம் கொஞ்சம் கையெழுத்து வேட்டை. சாயங்காலம் காபி கலந்து எடுத்து வரும்போது வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார்.

"அதென்ன சத்தம்?"

"என்ன சத்தமுங்க?"

"டக்கு டக்குன்னு. நீ நடந்தா வருது. நின்னா நிக்குது."

நடந்து காட்டினேன். வரத்தான் செய்தது. மொசைக் தரையில் யாரோ பேனாவால் தட்டுவது மாதிரி. கொலுசின் திருகாணி என்று நினைத்தேன். மேஜைக்குக் கீழே பார்த்தேன். அவர் எழுந்து வந்து, "ஒக்காரு" என்றார். கீழே உட்கார்ந்து என் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துத் திருப்பினார்.

திருப்பியவர் அசையவில்லை.

விரல்களுக்குக் கீழே, பாதத்தின் சதைப்பற்றான இடத்தில் ஒரு ஆணி. முழுதும் உள்ளே போயிருந்தது. தலை மட்டும் வெளியே. அந்தத் தலைதான் தரையில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து மண்ணோடு மண்ணாகிக் கிடந்தது.

"எப்பப் புடிச்சு இருக்குது இது?"

"தெரியலீங்."

"வலிக்கலையா?"

"இல்லீங். பழகுன காலுங்க."

அவர் உள்ளே போய் ஆணி பிடுங்குகிற குறடு எடுத்துவந்தார். "பல்லைக் கடிச்சுக்க" என்றார். கடிக்கத் தேவைப்படவில்லை. அவர் பிடுங்கியதை, யாரோ அடுத்த வீட்டுக்காரியின் காலில் பிடுங்குவதைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டார். "அந்த டாக்டரம்மா அன்னிக்கு நெசமா என்ன சொன்னாங்க?"

"சொன்னனுங்களே."

ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். தினமும் வந்து கட்டை மாற்றச் சொன்னார்கள். ஒரு சின்ன ஆணிக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

மே 15, திங்கள்

பூங்காவுக்குப் போனேன். கட்டுக்கு மேலே பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு. நான் வரவில்லையென்றால் கனகசபாபதி, "பார்த்தீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

வீட்டுக்காரர் பேப்பரைப் பிரிக்கவே இல்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 18, வியாழன்

பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. வலி இல்லை. வலி இல்லாதபோது எதற்குப் பயப்பட வேண்டும்?

மே 21, ஞாயிறு

குளிர்காய்ச்சல். அறையில் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறதென்று பீரோவை நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். வீட்டுக்காரர் நகர்த்தவில்லை. என் கட்டை அவிழ்த்தார். பிறகு ஆட்டோ கூப்பிடப் போனார்.

மே 24, புதன்

வலது காலின் இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள்.

மே 26, வெள்ளி

மெட்டி போட்டிருந்த விரல். நர்ஸ் மெட்டியை ஒரு பஞ்சில் சுற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வராந்தாவில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். பக்கத்து விரலில் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். எந்த விரலிலும் இனிமேல் வளையம் கூடாதாம். வாங்கித் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டேன். யார் என்ன சொன்னால் என்ன? என் புருஷன் எதிரிலேயே நிற்கிறார்.

டாக்டர் பெனாசிர் கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நானே ஆரம்பித்தேன். "மண்ணு மேல பழி போடாதீங்க."

"நான் எங்கம்மா போட்டேன்?" என்றாள். "நல்ல காலுக்கு மண்ணு நல்லதுதான். நான்கூட ஊருக்குப் போனா கழட்டிப் போட்டுட்டுத்தான் நடப்பேன். ஆனா வலி தெரியாத காலுக்கு எல்லாத் தரையும் ஒண்ணுதாம்மா. பூங்கா மண்ணும் ஆபத்து, உங்க வீட்டு மொசைக்கும் ஆபத்து. வலிதான் உங்களைக் காப்பாத்தற வாட்ச்மேன். உங்களுக்கு அந்த வாட்ச்மேன் இல்லை. ஆணி எப்பவோ ஏறிடுச்சு, உங்களுக்குத் தெரியலை. அவ்வளவுதான்."

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் தேதி நான் சொன்ன பொய்யும் அவருக்கு இப்போது தெரியும். அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 4, ஞாயிறு

கனகசபாபதி ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். கண்கூடக் கலங்கியது. பிறகு எழுந்திருக்கும்போது சொன்னார். "இதுக்குத்தானுங்க டீச்சர் நான் தலையால அடிச்சுக்கிட்டது. உங்களுக்கே இப்படீன்னா மத்தவங்க என்ன ஆவாங்க? வர்ற கூட்டத்துல உங்க காலைச் சொல்லியே தீர்மானம் போட்டுரலாமுங்க. இனி ஒருத்தரும் மறுக்கமாட்டாங்க."

என் விரலை வைத்து என் மண்ணை எடுக்கப் போகிறார்கள்!

காய்ச்சல் விட்ட பிறகு முதல்முறையாக இன்றுதான் பசித்தது. மூன்று தோசை சாப்பிட்டேன்.

ஜூன் 5, திங்கள்

ஜெயசீலி வந்தாள். மடியில் மல்லிகைப்பூ. "டீச்சர், நீங்க கவலையே படாதீங்க. ஒரு நாளும் விடாம நடக்கறேன். கோஷ்டியை நான் பாத்துக்கறேன். செருப்பைத் தொடவே மாட்டேன், உங்களுக்காக" என்றாள்.

நல்ல பெண்.

"காலு எப்படியிருக்குது உனக்கு?" என்று கேட்டேன்.

"சூப்பரா இருக்குதுங்க. முன்னெல்லாம் ராத்திரி ஊசி குத்தறாப்பல இருக்கும். இப்ப அதுவும் இல்ல."

காபி குடித்துவிட்டுப் போனாள்.

ஜூன் 7, புதன்

ஊசி குத்துவது மாதிரி எனக்கும் இருந்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம். பிறகு நின்றது. நின்றபோது, மண் குணப்படுத்திவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஜூன் 8, வியாழன்

வீட்டுக்காரரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த செருப்பு, கறுப்பாக, ஆமை ஓடு மாதிரி ஒன்று. அதை மாட்டிக்கொண்டு தையல்கடைக்குப் போய் இறங்கினேன். ஜெயசீலி மிஷினிலிருந்து எழுந்தாள். என் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"டீச்சர், நீங்களா செருப்பு..."

"நீயும் போடோணும். இன்னைக்கே."

எல்லாவற்றையும் சொன்னேன். மாடியில் சுடாமல் நின்றது பழக்கத்தினால் அல்ல என்று சொன்னேன். செருப்பு கழன்று விழுந்தது, நைலான் இழை, ஆணி ஒரு பகல் முழுக்கக் காலுக்குள் இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நீங்கதானே சொன்னீங்க கழட்டி எறின்னு?"

"நான்தான் சொன்னேன்."

"டாக்டரு சொன்னதை விட்டுப்போட்டு நீங்க சொன்னதைக் கேட்டேன்."

"ஆமா."

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க டீச்சர். இந்தக் காலை வெச்சுத்தான் மிதிக்கறேன்."

"நாளைக்கு அந்த டாக்டரம்மாகிட்டப் போலாம், கெளம்பி இரு" என்று மட்டும் சொன்னேன். அவள் திரும்பி மிஷினில் உட்கார்ந்து நூல் கோர்க்க ஆரம்பித்தாள். ஊசியின் காது அவளுக்குத் தெரியவில்லை. கண் நிறைந்திருந்தது. என்னைக் கோர்த்துத் தரச் சொல்லவும் இல்லை.

ஜூன் 9, வெள்ளி

வந்தாள். என்னோடு பேசாமல் வந்தாள். பெனாசிர் இழையால் தொட, கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாள். தாளம் போடவில்லை, நிஜமாகச் சொன்னாள். வலது கால் முழுக்கத் தெரிகிறது. இடது குதிகாலில் இரண்டு இடம் தெரியவில்லை. ஆரம்பம்தான், சுகரைக் கட்டுக்குள் வைத்தால் மேலே போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் டாக்டர்.

வெளியே வந்ததும் ஜெயசீலி என் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டாள். இன்னும் பேசவில்லை. ஆனால் பிடித்தாள்.

ஜூலை 2, ஞாயிறு

சங்கக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, பிஸ்கட். கனகசபாபதி எதிர்பார்த்த மாதிரியே ஆரம்பித்தார். "நம்ம டீச்சரம்மாவுக்கு நேர்ந்த துயரம்..."

எழுந்தேன்.

"தலைவருங்க என் காலைச் சொல்லிக் கல்லு போடச் சொல்றாரு. அது என் காலு. நானே சொல்லிக்கறேன்."

செருப்பைக் கழற்றி, முன்னால் இருந்த காலி நாற்காலியில் பாதத்தைத் தூக்கி வைத்தேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "திரும்பாதீங்க, பாருங்க" என்றேன். பிள்ளைகளை அணிவகுக்கச் சொல்கிற குரல் தானாக வந்துவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள்.

"இந்த வெரலை மண்ணு எடுக்கலீங்க. எனக்குக் கால்ல உணர்ச்சி இல்லீங்க. இல்லைன்னு டாக்டர் சொன்னாங்க, நான் மறைச்சேன். மாத்திரையை விட்டேன். கொப்புளம் வந்தா மஞ்சள் வெச்சேன். அதுதான் எடுத்துச்சு. கல்லு போட்டா ஆணி கெடக்காதுன்னு யாராச்சும் எழுதித் தருவீங்களா? கல்லு மேலயும் நான் இப்படித்தான் நடந்திருப்பேன், வெரல் இப்படித்தான் போயிருக்கும்."

ஒருவரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

"சுகர் இருக்கறவங்க எல்லாரும் காலைக் காட்டிட்டு வாங்க. காட்டிட்டுச் செருப்போட நடங்க, என்னைமாதிரி. காலு நல்லாயிருக்கறவங்க கழட்டிப் போட்டுட்டு நடங்க. நான் முன்ன சொன்னதுல பாதி தப்பு. அதை ஒத்துக்கறேன். மீதிப் பாதி தப்பில்ல. அதை விடமாட்டேன்."

கனகசபாபதி நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். "நீங்களே இனிமே செருப்போடதான் நடக்கோணும். பொறவு யாருக்குங்க டீச்சர் இந்தச் சண்டை?"

"எனக்காகப் போட்ட சண்டைன்னா போன மாசமே விட்டிருப்பனுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "மண்ணே இருக்கட்டுமுங்க." ஜெயசீலி. காலில் அந்தக் கனத்த செருப்பு. கை தூக்கியபடி நின்றாள். அவளைப் பார்த்து இன்னொரு கை, இன்னும் சில. பேசாத நாச்சிமுத்துவும் எழுந்தார். தினமும் விடியலில் தடத்தின் மேல் காந்தக்கட்டை ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துவிடுவதாகவும், ஆணி, ஊசி எது கிடந்தாலும் ஒட்டிக்கொள்ளும் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

தண்ணீர் தேங்காமல் ஓரத்தில் வாய்க்கால் வெட்டுவது, மண் அப்படியே இருப்பது என்று முடிவாயிற்று. கனகசபாபதி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவருக்கும் சுகர் இருக்கிறதாம். போகிறபோது காதோரம் வந்து டாக்டரின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்.

ஜூலை 9, ஞாயிறு

விரல் போன பிறகு இன்றுதான் தடத்தில் நடந்தேன். ராத்திரி சாரல் பெய்திருந்தது. மண் நன்றாகக் கறுத்து ஈரமாகக் கிடந்தது. ஆமை ஓட்டுச் செருப்போடு இறங்கினேன். ஒரு மாதிரி ஆடுகிறது உடம்பு. விரல் ஒன்று குறைந்தாலும் நடை மாறிவிடுகிறது. புதிதாகப் பழக வேண்டும். பழகுவேன்.

ஜெயசீலி எனக்கு முன்னால் செருப்போடு போய்க்கொண்டிருந்தாள். வேகம் குறையவில்லை. "வாங்க டீச்சர், பின்தங்கறீங்க" என்று திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

பெஞ்சைக் கடக்கும்போது வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து சேர்ந்தார். அவருக்குச் சுகர் இல்லை, ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இறங்கியதில்லை. கொஞ்ச தூரம் நடந்தோம்.

"எப்படியிருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"சில்லுன்னு இருக்குது." இன்னும் சில எட்டு வைத்தார். முகத்தைச் சுளித்தார். "கல்லு குத்துது அம்மிணி."

"எங்கீங்க?"

"குதிகால்ல."

"குத்தட்டும்" என்றேன். "நடங்க."